முதல் ஸ்கேனில் கிரேடு 2, அடுத்ததில் கிரேடு 3: எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

கேள்வி: வயது 51. பள்ளி ஆசிரியை. ஆறு மாதமாக இடது முட்டியின் உள்பக்கம் வலி. கீழே விழவில்லை, அடியும் படவில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட்டு 'லேசான தேய்மானம்' என்றார்கள். மூடிய மிஷினுக்குள் படுக்கப் பயம் என்பதால் முதலில் ஓப்பன் எம்ஆர்ஐ எடுத்தேன். மீடியல் மெனிஸ்கஸின் (முட்டியின் உள்பக்க ஜவ்வு) பின்பகுதியில் 'கிரேடு 2 சிக்னல்' என்று வந்தது. வலி குறையாததால் மூன்று மாதம் கழித்து வேறு ஊரில் 1.5 டெஸ்லா (காந்தசக்தியின் அளவு) மிஷினில் எடுத்தேன். அதே இடத்தில் 'கிரேடு 3 கிழிசல்' என்கிறது அந்த ரிப்போர்ட். ஒரு எலும்பு டாக்டர் ஜவ்வு கிழிந்துவிட்டது, உடனே கீஹோல் (சின்னத் துளை வழியாகச் செய்கிற) ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் பிசியோதெரபி போதும் என்கிறார். 3 டெஸ்லா மிஷினில் இன்னொன்று எடுத்துத் தெளிவு செய்துகொள்ளலாமா? ஸ்கூலில் மாடிப்படி ஏற வேண்டியிருக்கிறது, முட்டிக்கு பெல்ட் போடலாமா?
– வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: டீச்சர், மூன்றாவது ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம். ஆபரேஷனுக்கும் அவசரம் இருப்பதாக உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் தெரியவில்லை. ஆனால் கீழே சில கேள்விகள் கேட்கப் போகிறேன், அவற்றில் ஒன்றுக்கு நீங்கள் 'ஆமாம்' என்று சொன்னாலும் இந்த அபிப்பிராயம் மாறும். நான் ரேடியாலஜிஸ்ட், படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற ஆள், உங்கள் முட்டியைத் தொட்டு அழுத்தி மடக்கிப் பார்த்த ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது: உங்களுக்கு ஸ்கேன் எழுதிய இரண்டு பேரும் என்னைப் போலத்தான், உங்கள் முட்டியைத் தொடாமலேயே எழுதியிருப்பார்கள்.

முதலில் எக்ஸ்ரே விஷயத்தை முடித்துவிடுவோம். மெனிஸ்கஸ் எலும்பு இல்லை, நார் நிறைந்த குருத்தெலும்பு, அதனால் எக்ஸ்ரேயில் தெரியாது. கிழிந்திருந்தாலும் தெரியாது, நன்றாக இருந்தாலும் தெரியாது. அதற்காக எக்ஸ்ரே வீண் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு நிற்க வைத்து எடுத்தார்களா, படுக்க வைத்து எடுத்தார்களா? படுத்திருக்கும்போது முட்டியில் எடை ஏறாது, அதனால் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருப்பது போலவே படம் வரும், நிற்கும்போதுதான் தேய்ந்த பக்கம் அழுந்தி நெருங்கும். முட்டியை 45 டிகிரி மடக்கி நின்றபடி பின்னாலிருந்து எடுக்கிற ரோசன்பர்க் வியூ என்று ஒன்று உண்டு, அதில் இன்னும் நன்றாகப் பிடிபடும். படுத்து எடுத்திருந்தால், இன்னொரு எம்ஆர்ஐக்குச் செலவழிக்கப் போகும் பணத்தில் சின்னப் பகுதியைக் கொடுத்து நின்றபடி ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்ற முடிவையே அது மாற்றக்கூடும்: தேய்மானம் நிறைய இருந்தால் கீஹோல் போட்டு ஜவ்வை மட்டும் சரி செய்வதில் பலன் குறைவு.

சரி, இப்போது மெனிஸ்கஸ். ஒவ்வொரு முட்டியிலும் இரண்டு உண்டு, உள்பக்கம் மீடியல், வெளிப்பக்கம் லேட்டரல். தொடை எலும்பின் அடிப்பகுதி உருண்டை, கீழே இருக்கிற எலும்பின் மேல்பகுதி கிட்டத்தட்ட தட்டை. உருண்டைப் பானை தரையில் ஆடாமல் நிற்க அடியில் பிரிமணை வைப்போமே, அந்த வேலையைத்தான் இது பார்க்கிறது. வெளி ஓரம் தடிப்பாக, உள்ளே போகப் போக மெலிதாக இருக்கும், குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணம்.

எம்ஆர்ஐ படத்தில் தெரிவதும் அந்த முக்கோணம்தான். உடம்பில் இருக்கிற தண்ணீரிலிருந்து வரும் சிக்னலை வைத்துத்தான் எம்ஆர்ஐ படம் உருவாகிறது. மெனிஸ்கஸில் கொலாஜன் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால், உள்ளே தண்ணீர் இருந்தாலும் அதன் சிக்னல் மிஷின் பிடிப்பதற்குள் அடங்கிவிடும், அதனால் நல்ல மெனிஸ்கஸ் அடர்ந்த கறுப்பாக வரும். அந்தக் கறுப்புக்குள் வெளுப்பாக ஏதாவது தெரிந்தால் அதைத்தான் 'சிக்னல்' என்று எழுதுகிறோம். வெளுப்பு வந்தாலே கிழிசல் என்று ஆகிவிடாது. வயது ஏற ஏற நார்களுக்கு நடுவே இளகல் வரும், அதுவும் வெளுப்பாகத்தான் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1980களில் கிரேடு முறை கொண்டுவந்தார்கள். முக்கோணத்துக்கு நடுவில் புள்ளி போல, திட்டு போல இருந்தால் கிரேடு 1. கோடு போல இருந்து, ஆனால் மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ தொடாமல் உள்ளேயே நின்றுவிட்டால் கிரேடு 2. விளிம்பைத் தொட்டுவிட்டால் கிரேடு 3, அதாவது கிழிசல். கேன்சருக்குச் சொல்கிற ஸ்டேஜ் மாதிரி 1, 2, 3 என்று நோய் முற்றிக்கொண்டே போகிற கணக்கு இல்லை இது. கிரேடு 1, 2 இரண்டும் கிழிசலே கிடையாது. கிரேடு 2 என்று படித்ததும் பாதி கிழிந்துவிட்டது, மீதியும் போவதற்குள் தைத்துவிட வேண்டும் என்று பதறுகிறவர்கள் நிறைய, அவர்களைப் பயமுறுத்துகிறவர்களும் கொஞ்சம் இருக்கிறார்கள்.

ஆக, உங்கள் இரண்டு ரிப்போர்ட்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் ஒரே கேள்விதான்: அந்த வெள்ளைக் கோடு விளிம்பைத் தொடுகிறதா, தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகிறதா? ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சமாச்சாரம். ஓப்பன் மிஷின்கள் பெரும்பாலும் காந்தசக்தி குறைந்தவை, படம் கொஞ்சம் கரகரப்பாகத்தான் வரும், ஸ்லைஸும் (முட்டியை வரிசையாக வெட்டிப் பார்ப்பது போல எடுக்கிற ஒவ்வொரு படமும்) தடிப்பாக எடுப்பார்கள், ஒரு வரிசை எடுக்க அதிக நேரம் ஆவதால் நோயாளி காலை அசைத்துவிடவும் வாய்ப்பு அதிகம். அந்தப் படத்தில் விளிம்பு மங்கலாக இருந்தால் 'கிரேடு 2' என்று எழுதுவதுதான் நேர்மை. 1.5 டெஸ்லாவில் 3 மில்லிமீட்டர் ஸ்லைஸில் அதே கோடு தெளிவாகத் தொடுவது தெரிந்திருக்கலாம். அப்படியென்றால் மூன்று மாதத்தில் உங்கள் ஜவ்வு மேலும் கிழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, முதல் நாளே அப்படித்தான் இருந்திருக்கும். இல்லை, தொடவே இல்லை, இரண்டாமவர் கொஞ்சம் தாராளமாக எழுதிவிட்டார் என்பதும் நடக்கக்கூடியதுதான்.

இதற்காகவே எங்களுக்கு ஒரு விதி உண்டு: ஒரே ஒரு ஸ்லைஸில் தொடுவது போலத் தெரிந்தால் அதைக் கிழிசல் என்று அடித்துச் சொல்லாதே, 'கிழிசலாக இருக்கலாம்' என்று மட்டும் சொல், இரண்டு ஸ்லைஸில் தொட்டாலோ, முக்கோணத்தின் வடிவமே சிதைந்திருந்தாலோதான் கிழிசல் என்று எழுது. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது இன்னொரு ஸ்கேன் இல்லை. இரண்டு சிடியையும் (ஃபிலிம் போதாது, சிடி) எலும்பு மூட்டுப் படங்களை வழக்கமாகப் படிக்கிற ஒரு ரேடியாலஜிஸ்டிடம் கொடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'எத்தனை ஸ்லைஸில் விளிம்பைத் தொடுகிறது?' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 3 டெஸ்லா படம் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மெனிஸ்கஸைப் பொறுத்தவரை 1.5-லிருந்து 3-க்குப் போவதால் கண்டுபிடிக்கிற திறன் பெரிதாகக் கூடிவிடவில்லை என்றுதான் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முட்டிக்கென்றே இருக்கிற காயிலை (சிக்னலைப் பிடிக்கிற கருவி) மாட்டி எடுத்தார்களா, நீங்கள் அசையாமல் இருந்தீர்களா, படிக்கிறவர் யார் என்பதெல்லாம் டெஸ்லா எண்ணைவிட முக்கியம்.

நல்ல எம்ஆர்ஐகூட நூற்றுக்கு நூறு இல்லை. கீஹோல் வழியாக நேரில் பார்த்ததோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளைச் சேர்த்து 2003-ல் ஒரு கணக்கு வந்தது. உள்பக்க மெனிஸ்கஸில் நிஜமாகவே கிழிசல் உள்ள 100 பேரில் சுமார் 93 பேரை எம்ஆர்ஐ பிடித்துவிடுகிறது, ஆனால் கிழிசல் இல்லாத 100 பேரில் 12 பேர் போல 'கிழிந்திருக்கிறது' என்று ரிப்போர்ட் வாங்கிவிடுகிறார்கள். வெளிப்பக்கத்தில் நேர்மாறு: 79 பேரைத்தான் பிடிக்கிறது, ஆனால் கிழிசல் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். 

இப்போது, அது நிஜமாகவே கிரேடு 3 கிழிசல்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் வலிக்கு அதுதான் காரணமா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில், முட்டி வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் பொதுவாக ஆட்களை எடுத்து, 50 முதல் 90 வயது வரை 991 பேருக்கு முட்டி எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள், 2008-ல் வெளியானது. 50களில் இருக்கிற பெண்களில் 19 சதவீதம் பேருக்கு மெனிஸ்கஸ் கிழிந்தோ சிதைந்தோ இருந்தது, 70 தாண்டிய ஆண்களில் 56 சதவீதம். இதில் பெரிய செய்தி அடுத்ததுதான்: கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ எதுவும் இல்லை. உங்கள் ஸ்டாஃப் ரூமில் ஐம்பது தாண்டியவர்களை எல்லாம் வரிசையாக ஸ்கேனில் படுக்க வைத்தால், நேற்று வரை நன்றாக நடந்துகொண்டிருந்த சிலர் கிழிசல் ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போவார்கள்.

ஆபரேஷன் பற்றியும் அதே மாதிரி ஒரு சங்கடமான உண்மை இருக்கிறது. ஃபின்லாந்தில் 2013-ல் வெளியான ஆய்வில், 35 முதல் 65 வயதுக்குள், முட்டி எலும்புத் தேய்மானம் இல்லாமல், அடிபடாமல் தானாக வந்த மீடியல் மெனிஸ்கஸ் கிழிசல் உள்ள 146 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கீஹோல் போட்டு உள்ளே பார்த்துவிட்டு எதையும் வெட்டாமல் மூடிவிட்டார்கள், யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து வலியில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை, இரண்டு பக்கமும் தேறியிருந்தார்கள். 2017-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல் அடிபடாமல் தானாக வந்த கிழிசலோ தேய்மானமோ உள்ள இந்த மாதிரி முட்டிகளுக்குக் கீஹோல் வேண்டாம் என்றே அழுத்தமாகச் சொல்லிவிட்டது. மெனிஸ்கஸை எடுப்பதற்கு ஒரு விலையும் உண்டு. அதை எடுத்த முட்டியில் பின்னாளில் எக்ஸ்ரே மாற்றங்கள் வருவதை ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் சர்ஜன் 1948-லேயே எழுதிவிட்டார், அப்படியும் அதற்குப் பிறகு பல வருடம் முழு மெனிஸ்கஸையே கழற்றி எறிந்துகொண்டிருந்தார்கள்.

அதற்காக ஆபரேஷன் சொன்ன டாக்டர் பணத்துக்காகச் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் காலை மடக்கி, திருகி, மூட்டு இடுக்கில் விரலால் அழுத்திப் பார்த்து எதையாவது கண்டுபிடித்திருந்தால் அவர் சொல்வதில் அர்த்தம் இருக்கலாம். ரிப்போர்ட்டை மட்டும் படித்துவிட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு ஒப்புதல் இல்லை. எது நடந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சரி, நான் சொன்ன கேள்விகள். தரையிலிருந்து எழும்போதோ, குந்தி உட்கார்ந்தபோதோ, படி இறங்கும்போதோ முட்டிக்குப் பின்னால் 'படக்' என்று ஒரு சத்தமோ சுரீர் என்ற வலியோ வந்து, அன்றிலிருந்துதான் இது ஆரம்பித்ததா? கீழே விழவில்லை, அடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இந்த வகைக்கு விழவே வேண்டாம். மெனிஸ்கஸின் பின்முனை எலும்பில் ஊன்றியிருக்கிற இடத்தை ரூட் என்கிறோம், அந்த வேர் அறுந்தால் பிரிமணையின் முடிச்சு அவிழ்ந்த கதைதான், வளையம் வெளியே பிதுங்கிவிடும், எலும்பு நேராக எலும்பின் மேல் உட்காரும், குருத்தெலும்பு வேகமாகத் தேய ஆரம்பிக்கும். உங்கள் வயதுப் பெண்களுக்கு, அதிலும் தரையில் உட்கார்ந்து எழுந்து பழகிய நாடுகளில், இது அதிகம். கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'ரூட்' என்ற வார்த்தையோ, 'எக்ஸ்ட்ரூஷன்' (வெளியே பிதுங்கியிருப்பது) 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றோ இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் சிடியை மறுபடி படிக்கிறவரிடம் 'ரூட் நன்றாக இருக்கிறதா?' என்று தனியாகக் கேளுங்கள், இது தவறிப்போகிற இடம். பக்கவாட்டுப் படங்களில் ஒரு ஸ்லைஸில் கறுப்பு முக்கோணம் காணாமல் போயிருக்கும், முன்னும் பின்னும் இருக்கும், அந்த ஒன்றில் மட்டும் இருக்காது. அப்படி இருந்து, தேய்மானம் இன்னும் அதிகமாகவில்லை என்றால், அதைத் திரும்ப எலும்போடு தைக்கிற ஆபரேஷனைப் பற்றி சீக்கிரம் பேச வேண்டும், நான் மேலே சொன்ன ஃபின்லாந்து கணக்கு அதற்குப் பொருந்தாது.

அடுத்தது, முட்டியை முழுசாக நீட்ட முடியாமல் நின்றுவிடுகிறதா? வலியால் நீட்டத் தயங்குவது வேறு, எதுவோ தடுத்து நிறுத்துவது போல லாக் ஆகி நின்றுவிடுவது வேறு. கிழிந்த துண்டு வாளிக் கைப்பிடி போல மடங்கி மூட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அப்படி ஆகும், எம்ஆர்ஐயில் பின் சிலுவைத் தசைநாருக்கு அடியில் இன்னொன்று ஓடுவது போல இரட்டையாகத் தெரியும். இது கபடியிலோ ஃபுட்பாலிலோ காலைத் திருகிக்கொண்ட இளைஞர்களுக்குத்தான் அதிகம். வந்தால் தள்ளிப்போடக் கூடாது. இரண்டும் இல்லை என்றால் நிம்மதியாக அடுத்ததைப் படியுங்கள்.

ரிப்போர்ட்டின் கடைசியில் 'இம்ப்ரெஷன்' (முடிவு) என்று தடித்த எழுத்தில் இருக்கிறதை மட்டும் எல்லோரும் படிக்கிறார்கள். அதற்கு மேலே சின்ன எழுத்தில் இருக்கிறதைப் பாருங்கள், வலிக்கான காரணம் பல சமயம் அங்கேதான் இருக்கும்: எலும்பு மஜ்ஜையில் நீர்க்கோப்பு என்று இருக்கிறதா, குருத்தெலும்பு மெலிந்திருக்கிறதா, மூட்டில் நீர் சேர்ந்திருக்கிறதா, முட்டிக்குப் பின்னால் பேக்கர் சிஸ்ட் என்கிற நீர்க்கட்டி இருக்கிறதா. மூட்டு இடுக்குக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, உள்பக்கம் அழுத்தினால் வலிக்கிறது என்றால் அது மெனிஸ்கஸே இல்லை, அங்கே ஒட்டுகிற தசைநார்களுக்கு அடியில் இருக்கிற பை வீங்கியிருக்கலாம். அதை விரலால் கண்டுபிடிக்கலாம்.

பிசியோதெரபி சொன்னாரே, அவர் வழியில் குறைந்தது மூன்று மாதம் போய்ப் பாருங்கள். முக்கியமாகத் தொடையின் முன்தசைக்கு வலு ஏற வேண்டும், அது வாரத்துக்கு இரண்டு தடவை போய் ஹீட்டும் கரண்ட்டும் வைத்துக்கொண்டு வருவதால் ஏறாது, தினமும் வீட்டில் செய்கிற பயிற்சியால்தான் ஏறும். 2013-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில் பிசியோ கூட்டத்தில் இருந்தவர்களில் 30 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் தாங்காமல் ஆபரேஷனுக்குப் போனார்கள், ஒரு வருட முடிவில் அவர்களும் முதலிலேயே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அளவுக்குத்தான் இருந்தார்கள். அதாவது, முயற்சி செய்து பார்த்துவிட்டு அப்புறம் போனாலும் பெரிதாக எதையும் இழக்கப் போவதில்லை. பிசியோ முடிந்ததும் 'சேர்ந்துவிட்டதா' என்று பார்க்க மறுபடி எம்ஆர்ஐ எடுக்காதீர்கள். வலி முழுசாகப் போன பிறகும் அந்த வெள்ளைக் கோடு அப்படியே இருக்கும், பார்த்துவிட்டு மறுபடி வலிக்க ஆரம்பித்துவிடும். வலி மாத்திரையை பிபி, சுகர், கிட்னி, அல்சர் எது இருந்தாலும் டாக்டரிடம் கேட்காமல் தொடர்ந்து போட வேண்டாம்.

படி ஏறலாம், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். பெல்ட் போட்டால் இதமாக இருக்கும், கிழிசல் அதனால் ஆறிவிடாது, நின்று பாடம் எடுக்கிற நேரத்துக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். இந்த மூன்று மாதம் குந்தி உட்காருவதும் சம்மணம் போடுவதும் வேண்டாம், கீழ்த்தளத்து வகுப்பு கிடைக்குமா என்று ஹெச்எம்மிடம் கேட்டுப் பாருங்கள், ரிப்போர்ட் கேட்டால் கிரேடு 3 என்று இருக்கிற அந்த இரண்டாவதைக் காட்டுங்கள்.